1780இல் காஞ்சிபுரம்: படைகள் மறந்த மக்கள்

காஞ்சிபுரம் என்றதும் நம் நினைவுக்கு வருபவை வானளாவிய கோபுரங்களும் பட்டுச் சேலைகளுமே. அதே ஊர் ஒரு பெரும் படையின் பாசறையாக இருந்ததையும், அப்படை தன் கனரகப் பீரங்கிகளைக் கோயில் குளத்தில் எறிந்துவிட்டுப் பின்வாங்கியதையும் நம்மில் பலர் அறியோம். எல்லையில் பகை மூண்டு, குடிமக்கள் கலங்கி இடம்பெயரும் வேளையில் ஓர் அரசும் அதன் படையும் முதலில் ஆயத்தம் செய்ய வேண்டியது எது? 1780ஆம் ஆண்டின் காஞ்சிபுரம் இவ்வினாவுக்கு விடை சொல்கிறது.

அந்நாளில் மைசூர் மேட்டு நிலத்திலிருந்து ஆற்காட்டுச் சமவெளிக்கு இறங்கும் கணவாய்ப் பகுதி தீராத வழக்குக்கு உரிய எல்லையாக இருந்தது. மேற்கே ஹைதர் அலி. கிழக்கே ஆற்காட்டு நவாப் வாலாஜா முகம்மது அலி; அவருக்குப் பின்னால் ஆங்கிலக் கிழக்கிந்தியக் கம்பெனி. 1767இல் மூண்ட முதற் போர் 1769இல் முடிந்தபோது, ஒருவர் தாக்கப்பட்டால் மற்றவர் துணை வர வேண்டுமென ஹைதரும் கம்பெனியும் சென்னையில் உடன்படிக்கை செய்துகொண்டனர். அடுத்து மராத்தியர் மைசூர் மீது பாய்ந்தபோது கம்பெனி வாளாவிருந்தது. 1779இல் ஹைதரின் பாதுகாப்பிலிருந்த மாஹே துறைமுகத்தையும் பிரெஞ்சுக்காரரிடமிருந்து கைப்பற்றியது. அத்துடன் பொறுமை எல்லை கடந்தது.

ஈண்டு ஒன்றை நாம் கருத்தில் கொள்ளுதல் நலம். இப்போரைச் சமயப் போராகச் சித்திரிப்போர் உண்டு. எதிரெதிரே நின்ற ஹைதரும் வாலாஜாவும் முஸ்லிம்கள். மைசூரின் பொருட்பொறுப்பை ஏற்றிருந்தவர்களுள் முக்கியமானவர் பூர்ணையா என்னும் பிராமணர். படை புறப்படுமுன் பள்ளிவாசல்களில் துஆவும் கோயில்களில் ஜபமும் நடைபெற ஹைதர் கட்டளையிட்டார் என வரலாற்றாசிரியர் வில்க்ஸ் எழுதுகிறார். இது நாட்டுக்காகவும் வருவாய்க்காகவும் நடந்த போர் என்பதில் ஐயமில்லை.

ஹைதரின் ஆயத்தம் மாதக்கணக்கில் நடந்தது. ஏறத்தாழ 80,000 வீரர்களும் சுமார் 100 பீரங்கிகளும் திரட்டப்பட்டன. அவற்றினும் முக்கியமானவை மூன்று: வீரர்க்கு ஒழுங்கான ஊதியம், படைக்குத் தடையற்ற உணவு, எதிரியின் ஒவ்வோர் அசைவையும் அறிவிக்கும் ஒற்றர் அமைப்பு.

சென்னையின் நிலையோ நேர்மாறானது. ஆளுநர் ரம்போல்டு 1780 ஏப்ரலில் நாடு அமைதியாயிருக்கிறது என்று கூறிக் கப்பலேறிவிட்டார். அடுத்து வந்த ஒயிட்ஹில்லின் ஆட்சியில் கருவூலம் வறண்டிருந்தது. படைகள் குண்டூர் முதல் தெற்கே வரை சிதறிக் கிடந்தன. நவாபோ கம்பெனி அலுவலர்களிடமே பெருங்கடன் பட்டு, மாவட்ட வருவாய்களைக் கடன்காரர்க்கு ஒப்படைத்திருந்தார். அந்தக் கடனின் சுமை உழவர் தலையில் விழுந்தது. படைவீரர்க்குச் சம்பளம் பாக்கி நின்றது. எல்லைக் கோட்டைகளைக் காக்க வேண்டிய கில்லேதார்கள் பலர் பகைவன் வந்ததும் கதவைத் திறந்துவிட்டனர். ஊதியம் பெறாத வீரனிடமும், உடைமை பறிபோன குடியானவனிடமும் விசுவாசத்தை எதிர்பார்க்க முடியுமா?

ஜூலையில் மைசூர்ப் படை கணவாய் வழியே இறங்கிற்று. மரக்காயர் வணிகம் செழித்த பரங்கிப்பேட்டையும், நெசவாளர் நகரமான காஞ்சியும் முதல் வீச்சிலேயே சூறையாடப்பட்டன. பரங்கிமலையில் நின்றவர்கள் தொலைவில் கிராமங்கள் எரியும் புகையைக் கண்டனர். அதன் பின்னரே சென்னை விழித்தது.

படைகள் எங்கே ஒன்றுசேர்வது என்பதில் கருத்து வேறுபாடு எழுந்தது. பகைவனின் குதிரைப்படை உலவும் வெளியில், 40 மைலுக்கு அப்பாலுள்ள காஞ்சியில் கூடுவது ஆபத்து என மக்லியோடு பிரபு எச்சரித்தார். 1764இல் பக்சாரில் வென்ற தளபதி ஹெக்டர் மன்றோ அதனை ஏற்கவில்லை. (பின்னாளில் சென்னை ஆளுநராயிருந்த தாமஸ் மன்றோ வேறு, இவர் வேறு.) காஞ்சியில் உணவு கிடைக்குமென்ற நம்பிக்கையில் சுமார் 5,200 பேருடன் புறப்பட்டு ஆகஸ்டு 29இல் அந்நகரை அடைந்தார். சம்பளப் பாக்கி தீராத நவாபின் குதிரைப்படைப் பிரிவொன்று புறப்படவே மறுத்துவிட்டது.

காஞ்சியில் நவாப் வாக்களித்த தானியம் இல்லை. ஒரு மாதத்திற்கு முன் சூறையாடப்பட்ட ஊரில் எஞ்சியிருந்ததைத் தேடித் திரட்டிப் பெரிய கோயிலின் மதில்களுக்குள் சேர்த்தனர். சில நாட்களுக்கே போதுமான அந்த அரிசி மன்றோவுக்கு விலங்காயிற்று. அதை விட்டு நகர்ந்தால் படைக்குப் பட்டினி. நகராவிட்டால் வடக்கிலிருந்து வந்துகொண்டிருந்த கர்னல் பெய்லியின் பிரிவுக்கு அழிவு.

குண்டூரிலிருந்து வந்த பெய்லி ஆகஸ்டு 25இல் கொசத்தலையாற்றை அடைந்தார். அன்று ஆற்றில் நீர் குறைவு. கடக்காமல் அக்கரையிலேயே இரவு தங்கினார். விடிவதற்குள் வெள்ளம் பெருகியது; செப்டம்பர் முதல் வாரம்வரை அவர் கடக்க இயலவில்லை. ஆறாம் தேதி பெரம்பாக்கத்தில் திப்பு அவரைத் தாக்கினார். காஞ்சியிலிருந்து தூரம் ஏறத்தாழ 15 மைல்தான். பீரங்கியோசை கேட்கும் தொலைவு. மன்றோ சுமார் ஆயிரம் பேரைக் கர்னல் பிளெச்சரின் தலைமையில் உதவிக்கு அனுப்பினார். தம் வழிகாட்டிகளையே ஐயுற்ற பிளெச்சர், பாதையை மாற்றிக்கொண்டதால்தான் உயிருடன் பெய்லியைச் சேர்ந்தார். தன் நாடென்று உரிமை கொண்டாடிய மண்ணில், வழிகாட்டியை நம்ப முடியாத படை அது.

செப்டம்பர் 10ஆம் நாள் காஞ்சியை அடுத்த புள்ளலூரில் ஹைதரும் திப்புவும் பெய்லியைச் சூழ்ந்தனர். வெடிமருந்து வண்டிகள் தீப்பற்றி வெடித்தன. பெய்லி சரணடைந்தார், ஏறத்தாழ 200 ஐரோப்பியர் சிறைப்பட்டனர். செய்தியறிந்த மன்றோ பீரங்கிகளைக் குளத்தில் தள்ளிவிட்டுச் செங்கற்பட்டு வழியாகச் சென்னைக்குத் திரும்பினார். இந்தியாவில் அதுவரை ஆங்கிலேயர் கண்டிராத தோல்வி அது. சீரங்கப்பட்டணத்துத் தரியா தௌலத் மாளிகைச் சுவரில் அக்காட்சி ஓவியமாக இன்றும் நிற்கிறது.

இதே போரின் மற்றொரு நிகழ்ச்சியை இத்துடன் ஒப்பிட்டால் உண்மை விளங்கும். தஞ்சைக் கோட்டையும் பட்டினியால் வாடியது. சுற்றுப்புறத்தில் நெல் இருந்தது. கொண்டுவர மாடு தருவாரில்லை. முன்னர்க் கொடுத்தவற்றுக்குக் கூலி கிடைக்காமையால் உழவர் அரசின் சொல்லை நம்பவில்லை. தமிழ் கற்றுத் தமிழரிடையே வாழ்ந்த ஜெர்மன் பாதிரியார் சுவார்ட்ஸ், பணத்துக்குத் தாமே பொறுப்பு என்று எழுதினார். ஓரிரு நாட்களில் ஆயிரம் மாடுகள் வந்தன; 80,000 கலம் நெல் கோட்டைக்குள் சேர்ந்தது என்று அவரே பதிந்துள்ளார். 1779இல் கம்பெனியின் தூதராக அவர் சென்றபோது ஹைதரும் அவரை மதித்து வரவேற்றார். ஓர் அரசின் ஆணை செய்ய முடியாததை ஒரு மனிதரின் வாய்மை செய்தது.

ஹைதரின் வெற்றியைப் படிக்கையில் நம் உள்ளம் பூரிப்பது இயல்பே. ஆயினும் நீதி நம்மிடம் இன்னொன்றையும் கேட்கிறது. ஆங்கிலேயர்க்கு உணவு கிட்டலாகாது என்பதற்காகச் சென்னையைச் சுற்றி ஒரு பாழ்வளையத்தை அவர் உண்டாக்கினார். குடிகள் கால்நடைகளுடன் வெளியேறக் கட்டளையிடப்பட்டனர், ஊர்கள் கொளுத்தப்பட்டன. போர்முறையில் அது கூரிய திட்டம். ஏழையின் குடிசைக்கு அது வெறும் நெருப்பு. பசியால் விரட்டப்பட்ட மக்கள் சென்னையில் குவிந்தனர். பஞ்சம் வந்தது. 1782இல் அங்கே மக்களுக்குக் கஞ்சி ஊற்றத் தொடங்கிய மணியக்காரர் சத்திரமே கஞ்சித்தொட்டி ஆஸ்பத்திரியாகி, பின்னர் இன்றைய ஸ்டான்லி மருத்துவமனையாக வளர்ந்தது. ஒரு போரின் நினைவுச்சின்னம் இப்படியும் இருக்கக்கூடும்!

1781 ஆகஸ்டு 27இல் அதே புள்ளலூரில் மீண்டும் ஒரு போர் நடந்தது. 1782 டிசம்பர் 7இல் சித்தூர் அருகே ஹைதர் மறைந்தார். 1784 மங்களூர் உடன்படிக்கை, பிடித்த இடங்களைத் திருப்பித் தருமாறு இரு தரப்பையும் பணித்தது. ஏறத்தாழப் பழைய எல்லையே மிஞ்சியது. எரிந்த ஊர்களையும் இறந்த உயிர்களையும் எந்த உடன்படிக்கையாலும் திருப்பித் தர இயலவில்லை.

இன்றைய அரசுகளும் வழக்குக்குரிய எல்லைகளில் வேலி இடுகின்றன, காவற்சாவடி அமைக்கின்றன, கூட்டத்தைக் கலைக்கும் பயிற்சியைப் படைக்கு அளிக்கின்றன. அவற்றின் தேவையை நாம் மறுக்கவில்லை. ஆனால் எல்லையோரக் குடிமகனுக்கு உரிய கூலி சேர்ந்ததா, அவன் களஞ்சியத்தில் தானியம் உண்டா, அரசின் வாக்கை அவன் நம்புகிறானா என்று கேட்காத ஆயத்தம் அரைகுறையானதே. மக்கள் அரசின் கையிலுள்ள அமானிதம். அமானிதம் பேணாதவனின் கோட்டைக் கதவு உள்ளிருந்தே திறக்கும் என்பதை நவாபின் கதை காட்டுகிறது.

வங்காளத்திலிருந்து பட்டுப்புழுக்களை வரவழைத்து மைசூரில் பட்டுத் தொழிலை ஊக்குவித்தவர் திப்பு சுல்தான். இன்று காஞ்சித் தறிகளில் ஏறும் கச்சாப் பட்டின் பெரும்பகுதி அந்தக் கன்னட நாட்டிலிருந்தே வருகிறது. ஒருகாலத்தில் தீப்பந்தங்கள் இறங்கிவந்த மேற்கிலிருந்து இப்போது நூல் வருகிறது. நெசவாளன் வீட்டில் அடுப்பு எரிகிறது. எல்லைகளைக் காக்கும் பொறுப்பேற்றோர் முதலில் காக்க வேண்டியது அந்த அடுப்பையே.