சுங்கை பூலோவின் மதகுகள்

ஜொகூர் நீரிணைக்கு அப்பால், எங்கள் கரைக்கு எதிரே, சிங்கப்பூரின் வடமேற்கில் உள்ளது சுங்கை பூலோ சதுப்புநிலம். அதனை மனிதக் கைபடாத காடென்றே மாணாக்கர் எண்ணுகின்றனர். அன்று, அலையாத்திக் காட்டினூடே கரையெழுப்பி, மதகு வைத்து, இறாலும் மீனும் வளர்த்த குட்டைகளே அவை. கடல் பொங்கி வெளிச்சேறு மூழ்கும் வேளையில், சைபீரியாவிலிருந்து வலசை வரும் உப்புக்கொத்தியும் பவளக்காலியும் நிற்க இடமின்றி இக்குட்டைகளையே நாடின.

1986-இல் மலாயா இயற்கைக் கழகத்தின் சிங்கப்பூர்க் கிளையினர் இதனைக் கண்டறிந்து, காக்குமாறு அரசை வேண்டினர். வேளாண் தொழில்நுட்பத்திற்கென ஒதுக்கப்பட்டிருந்த நிலம், 1989-இல் 87 ஹெக்டர் இயற்கைப் பூங்காவாக அறிவிக்கப்பட்டது. 1993 டிசம்பர் 6-இல் திறக்கப்பட்டு, 2002-இல் சட்டக் காப்பும் பெற்றது.

பண்ணைகள் மறைந்தன, மதகுகள் மறையவில்லை. இன்றும் அவற்றைக் கொண்டே பறவைகளுக்கேற்ப நீரளவைக் காக்கின்றனர். நான் அழைத்துச் சென்ற மாணவருள் ஒருவன் மட்டுமே, தொலைநோக்கியைத் தாழ்த்தி, அம்மதகு யாதென வினவினான்.