பறக்கும் ஆந்தைகளை ஒளிப்படமெடுத்தல்

பறக்கும் ஆந்தைகளை ஒளிப்படமெடுத்தல் என்பது காட்டுயிர் ஒளிப்படக்கலையின் ஒரு பிரிவு ஆகும். இயற்கைச் சூழலில் வாழும் ஆந்தைகளை அவை பறக்கும்போதும் வேட்டையாடும்போதும் படம் பிடிப்பதும், அப்படங்களைக் கணினியில் திருத்துவதும் இதில் அடங்கும். பெரும்பாலான ஆந்தைகள் குறைந்த ஒளியில் இயங்குபவை, ஓசையின்றிப் பறப்பவை, கூட்டின் அருகே இடையூறு நேர்ந்தால் எளிதில் பாதிக்கப்படுபவை. ஆகவே இத்துறையில் தொழினுட்பத் திறனுக்கு இணையாக அறநெறியும் முதன்மை பெறுகிறது.

ஆந்தைகளின் பறக்கும் இயல்பு

ஆந்தைகள் உடல் எடையுடன் ஒப்பிடுகையில் அகன்ற சிறகுகளைக் கொண்டவை. இதனால் அவை மெதுவாகவும் தாழ்வாகவும் பறக்க இயலும். பல இனங்களில் முதன்மைச் சிறகிறகுகளின் முன்விளிம்பு சீப்பின் பற்களைப் போலவும், பின்விளிம்பு மென்மையான விளிம்பிழைகளுடனும் அமைந்துள்ளது. இறகின் மேற்பரப்பு பட்டுத்துணி போன்ற மென்மை உடையது. இவ்வமைப்புகள் காற்றோட்டத்தால் எழும் ஓசையைக் குறைக்கின்றன. ஒளிப்படக்காரருக்கு இதனால் விளையும் இடர் எளிதில் புரியக்கூடியது: சிறகோசை கேட்டுத் திரும்பிப் பார்க்க வழியில்லை. பறவை எந்தப் பக்கமிருந்து வரும் என்பதை அதன் பழக்கங்களைக் கவனித்தே அறிய வேண்டும்.

வரலாறு

அமெரிக்காவைச் சேர்ந்த ஜார்ஜ் ஷைராஸ் பிளாஷ் ஒளியில் இரவில் எடுத்த காட்டுயிர்ப் படங்கள் 1906 ஆம் ஆண்டு நேஷனல் ஜியாகரபிக் இதழில் வெளியாயின. 1930களில் மாசச்சூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் ஹரால்ட் எட்கர்ட்டன் உருவாக்கிய மின்னணு பிளாஷ் விளக்கு மிகக் குறுகிய நேரமே ஒளிர்ந்ததால், விரைந்து அசையும் பொருள்களையும் உறைந்தாற்போல் பதிவு செய்ய முடிந்தது.

பிரித்தானியப் பறவை ஒளிப்படக்காரர் எரிக் ஹோஸ்கிங் (1909 - 1991) இத்துறையின் முன்னோடிகளுள் ஒருவர். 1937 ஆம் ஆண்டு வேல்சில், டானி ஆந்தை எனப்படும் பழுப்புநிற ஆந்தையின் கூட்டருகே அமைத்திருந்த மறைவிடத்திற்கு இருளில் சென்றபோது, அப்பறவை தாக்கியதில் இவர் தமது இடக் கண்ணை இழந்தார். எனினும் பறவைகளைப் படமெடுப்பதைக் கைவிடவில்லை. 1940களில் மின்னணு பிளாஷ் விளக்கைப் பயன்படுத்திப் பறக்கும் பறவைகளைப் படமெடுத்தார். இரையுடன் வரும் கூகையை 1948 இல் இவர் எடுத்த படம் பெரும் புகழ்பெற்றது. கூட்டைக் காக்கும் ஆந்தை எவ்வளவு வன்மையாகத் தாக்கும் என்பதற்கு இவருக்கு நேர்ந்தது இன்றும் எடுத்துக்காட்டாகக் கூறப்படுகிறது.

எண்ணிம ஒளிப்படக்கருவிகளின் வருகை இத்துறையை மாற்றியது. 2007 இல் அறிமுகமான நிக்கான் டி3 போன்ற கருவிகள் குறைந்த ஒளியிலும் பயன்படத்தக்க படங்களைத் தந்தன. 2020 ஆம் ஆண்டு முதல் வெளிவந்த சில கண்ணாடியற்ற கருவிகள் பறவையின் உருவத்தையும் கண்ணையும் தாமே கண்டறிந்து குவியப்படுத்தும் திறன் பெற்றுள்ளன.

ஏற்ற இனங்களும் காலமும்

பகலில் இயங்கும் இனங்களே இயற்கை ஒளியில் படமெடுக்க ஏற்றவை. குட்டைக்காது ஆந்தை குளிர்காலப் பிற்பகல்களில் திறந்த புல்வெளிகளின் மேல் தாழ்வாகப் பறந்து இரை தேடும். இது குளிர்காலத்தில் இந்தியாவுக்கும் வலசை வருகிறது. கூகை பிரித்தானியாவில் அதிகாலையிலும் மாலையிலும், குஞ்சுகளுக்கு இரை தேடும் காலத்தில் சில வேளைகளில் பகலிலும் வேட்டையாடுகிறது. ஆர்க்டிக் பகுதியில் இனப்பெருக்கம் செய்யும் பனி ஆந்தையும் பகலில் காணக்கூடியது.

ஆந்தைகள் பொதுவாகக் காற்றை எதிர்நோக்கியே எழும்பவும் தரையிறங்கவும் செய்யும். ஆகவே காற்றும் கதிரவனும் தமது முதுகுப்புறம் இருக்குமாறு நிற்பவருக்கு, ஒளி விழுந்த முகத்துடன் தம்மை நோக்கி வரும் பறவையைப் படமெடுக்கும் வாய்ப்பு மிகுதி.

கருவியும் அமைப்புகளும்

400 முதல் 600 மில்லிமீட்டர் வரை குவியத் தூரம் கொண்ட தொலைநோக்கு வில்லைகள் பெரிதும் பயன்படுகின்றன. 36 மில்லிமீட்டர் அகலமுள்ள படவுணரியுடன் 600 மில்லிமீட்டர் வில்லையைப் பொருத்தினால், 30 மீட்டர் தொலைவில் ஏறத்தாழ 1.8 மீட்டர் அகலமுள்ள காட்சி சட்டத்தில் அடங்கும். கூகையின் சிறகு விரிப்பு ஒரு மீட்டருக்குச் சற்றுக் குறைவு என்பதால், அது படத்தின் பாதி அகலத்தை நிரப்பும்.

* ஷட்டர் வேகம்: வினாடிக்கு 5 மீட்டர் வேகத்தில் குறுக்கே பறக்கும் பறவை 1/500 வினாடியில் 10 மில்லிமீட்டரும், 1/2000 வினாடியில் 2.5 மில்லிமீட்டரும் நகர்கிறது. கருவியைப் பறவையுடன் சேர்த்துத் திருப்பினால் உடலின் நகர்வு பெருமளவு ஈடு செய்யப்படும். ஆனால் சிறகு நுனிகள் உடலிலும் விரைவாக அசைவதால், அவையும் தெளிவாக அமைய 1/1600 வினாடி அல்லது அதைவிட விரைவான வேகம் வேண்டும்.
* துளை அளவு: மேற்கூறிய வில்லையில் எஃப் 5.6 அளவில், 30 மீட்டர் தொலைவில் தெளிவாக அமையும் ஆழம் ஏறத்தாழ 80 சென்டிமீட்டர். எஃப் 4 இல் அது 60 சென்டிமீட்டராகக் குறையும்.
* உணர்திறன்: மாலை வெயிலில் ஐஎஸ்ஓ 800 போதுமாக இருந்தால், ஒளி நான்கில் ஒரு பங்காகக் குறையும்போது அதே வேகத்திற்கும் துளைக்கும் ஐஎஸ்ஓ 3200 தேவைப்படும். ஷட்டர் வேகத்தைக் குறைத்து மங்கிய படம் பெறுவதைவிட, உணர்திறனைக் கூட்டி இரைச்சலை ஏற்பதே நல்லது. இரைச்சலைப் பின்னர் குறைக்கலாம். அசைவால் மங்கிய இறகை மீட்பது அரிது.
* குவியம்: தொடர் குவிய முறையும் தொடர் பட முறையும் பயன்படுத்தப்படுகின்றன.

ஒளியளவைக் கருவியின் தானியங்கி முறைக்கு முழுமையாக விடுவதால் பிழைகள் நேரும். இருண்ட மரங்களுக்கு முன் பறக்கும் வெண்ணிறக் கூகையில் வெண்மை மிகுந்து இறகு விவரங்கள் மறையும். ஒளியளவைக் குறைக்க வேண்டும். வெளிர் வானத்திற்கு எதிரே பறக்கும் ஆந்தை கருநிழலாகிவிடும்; அங்கே கூட்ட வேண்டும். பனிப்பரப்பின் மேல் பனி ஆந்தையை எடுக்கும்போதும் பனி சாம்பல் நிறமாகாதிருக்கச் சற்றுக் கூட்டுதல் அவசியம்.

படத்திருத்தம்

திருத்தத்திற்கு ஏற்றது ரா கோப்பு ஆகும். 14 பிட் ரா கோப்பு ஒவ்வொரு படவணுவிலும் 16,384 ஒளி நிலைகளைப் பதிவு செய்ய வல்லது. வழக்கமான ஜேபெக் கோப்பில் ஒவ்வொரு நிறத்திற்கும் 256 நிலைகளே உள்ளன. திருத்தம் பெரும்பாலும் பின்வரும் வரிசையில் அமையும்.

* தொடர் படங்களுள் கண் தெளிவாகவும் சிறகு நிலை நன்றாகவும் உள்ளவற்றைத் தேர்தல்.
* வெண் சமநிலையையும் ஒளியளவையும் சீராக்கல். மாலை ஒளியின் இயல்பான பொன்னிறத்தை முற்றிலும் நீக்கினால் படம் காலவுணர்வை இழக்கும்.
* படத்தை வெட்டுதல். பறக்கும் திசையில் கூடுதல் வெற்றிடம் விடுவது மரபு.
* இரைச்சலைக் குறைத்தல். பின்னணியில் மிகுதியாகவும் இறகுகளில் மிதமாகவும் செய்யப்படும்.
* கூர்மையாக்கல். பறவையில் மட்டுமே செய்தல் நன்று. வெறும் வானத்தைக் கூர்மையாக்கினால் இரைச்சலே பெருகும்.

செயற்கை நுண்ணறிவைப் பயன்படுத்தும் இரைச்சல் நீக்கிகள், பதிவாகாத இறகு விவரங்களைத் தாமே வரைந்துவிடக் கூடும். அத்தகைய படம் அழகாக இருந்தாலும் இனங்காணலுக்கும் ஆய்வுக்கும் சான்றாகாது. ஒளி, நிறம், சட்டம் ஆகியவற்றைச் சீராக்குவது பொதுவாக ஏற்கப்படுகிறது. வேறொரு படத்திலிருந்து பறவையையோ நிலவையோ எடுத்து ஒட்டுவதை, அவ்வாறு செய்ததாகக் குறிப்பிடாவிடில் ஏமாற்று எனக் கருதுவர். இலண்டன் இயற்கை வரலாற்று அருங்காட்சியகம் நடத்தும் காட்டுயிர் ஒளிப்படப் போட்டியில், 2009 இல் முதற்பரிசு பெற்ற ஓநாய்ப் படம், பழக்கப்படுத்தப்பட்ட விலங்கைக் கொண்டு எடுக்கப்பட்டிருக்கக்கூடும் என்ற முடிவின் பேரில் 2010 இல் தகுதிநீக்கம் செய்யப்பட்டது. ஒரு பிரிவில் 2017 இல் வென்ற எறும்புண்ணிப் படம், பாடம் செய்த விலங்கின் படம் என்று முடிவு செய்யப்பட்டு 2018 இல் நீக்கப்பட்டது.

அறநெறியும் சட்டமும்

பறக்கும் படம் வேண்டும் என்பதற்காக ஓய்வெடுக்கும் ஆந்தையை எழுப்பிப் பறக்கவிடுவது தவறு. வீணாக எழும் ஒவ்வொரு முறையும் பறவை ஆற்றலை இழக்கிறது. குளிர்காலத்தில் இது உயிருக்கே கேடாகலாம். பகலில் எழுப்பப்படும் ஆந்தையைக் காகங்களும் பிற பறவைகளும் சூழ்ந்து தாக்குவதும் உண்டு.

கடைகளில் வாங்கிய எலிகளை விட்டு ஆந்தையை வரவழைத்துப் படமெடுக்கும் வழக்கம் வட அமெரிக்காவில் கடும் விவாதத்திற்கு உள்ளானது. 2013 - 14 குளிர்காலத்தில் பனி ஆந்தைகள் பெருந்தொகையாகத் தெற்கே வந்தபோது அவற்றைக் காணத் திரளானோர் கூடினர். இவ்வாறு இரையிடப்படும் பறவை மனிதரை அணுகப் பழகுவதோடு, சாலையோரங்களில் வாகனங்களில் அடிபடவும் நேர்கிறது. பனி ஆந்தை 2017 இல் பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்புச் சங்கத்தின் சிவப்புப் பட்டியலில் அழிவாய்ப்புள்ள இனமாகச் சேர்க்கப்பட்டது.

பிரித்தானியாவில் 1981 ஆம் ஆண்டின் காட்டுயிர் மற்றும் நாட்டுப்புறச் சட்டத்தின் முதல் அட்டவணையில் கூகையும் பனி ஆந்தையும் இடம்பெற்றுள்ளன. அவற்றைக் கூட்டிலோ கூட்டருகிலோ தொந்தரவு செய்வது குற்றமாகும்; கூட்டருகே படமெடுக்க உரிமம் தேவை. இந்தியாவில் 1972 ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் ஆந்தைகளுக்குப் பாதுகாப்பளிக்கிறது. இருப்பினும் மூடநம்பிக்கையின் பேரில் பலியிடவும் மாந்திரீகத்திற்கும் ஆந்தைகள் பிடித்து விற்கப்படுகின்றன. தீபாவளிக் காலத்தில் இது மிகுகிறது. எனவே படத்துடன் கூடு அல்லது தங்குமரத்தின் இருப்பிடத்தை வெளியிடாமல் இருப்பதும், கோப்பில் பதிவாகியுள்ள புவியிடத் தகவலை நீக்குவதும் படத்திருத்தத்தின் இறுதிப் படியாகக் கொள்ளத்தக்கவை.

இவற்றையும் பார்க்க

* ஆந்தை
* கூகை
* பறவை நோக்கல்
* காட்டுயிர் ஒளிப்படக்கலை