மனத்திலிருந்து ஏட்டுக்கு: ஷட்கண்டாகமம் கடந்த வழி

பகவான் மகாவீரர் நிர்வாணம் எய்திய பின் 683 ஆண்டுகளில் அங்க நூலறிவு படிப்படியாகத் தேய்ந்தது என்பது திகம்பர மரபு. ஆசாரியர் வாயினின்று மாணாக்கர் செவிக்கு மட்டுமே சென்ற அறிவு அது. கற்பிக்காமல் ஒருவர் மறைந்தால், அவர் கற்றதும் உடன் மறையும்.

இந்த ஆபத்தை உணர்ந்தவர் கிரிநகரத்துச் சந்திரகுகையில் வாழ்ந்த தரசேனர். முதுமை நெருங்கிய அவர், தென்னாட்டு முனிவர் கூடியிருந்த மகிமை நகருக்கு மடல் விடுத்தார். இரு முனிவர் வந்தனர். உடனே அவர் பாடம் தொடங்கவில்லை. ஒருவருக்கு எழுத்து மிகுந்த மந்திரத்தையும், மற்றவருக்கு எழுத்துக் குறைந்த மந்திரத்தையும் கொடுத்து ஓதச் செய்தார். பல் நீண்ட தேவதை ஒருவர்முன்னும், ஒற்றைக்கண் தேவதை மற்றவர்முன்னும் தோன்றினராம். தேவதைகளுக்கு ஊனம் இராது. பிழை மந்திரத்தில்தான் என்று இருவரும் தாமே தெளிந்து, எழுத்தைத் திருத்தி ஓதினர். கதையின் தெய்வீகம் ஒருபுறம் இருக்க, பெற்றதை அப்படியே ஒப்பிப்பவரை அல்லாமல், பிழை காணவல்லவரையே தரசேனர் தேடினார் என்பது தெளிவு.

அவ்விருவரே புஷ்பதந்தரும் பூதபலியும். கல்வி முடிந்தபின் புஷ்பதந்தர் வனவாசி நாட்டில் தங்கி 177 சூத்திரங்கள் இயற்றி, ஜினபாலிதர் என்னும் மாணாக்கர் வழியே பூதபலியிடம் அனுப்பினார். அப்போது பூதபலி இருந்த இடம் திரமிள தேசம், அதாவது தமிழகம் என்று தவளா உரை குறிக்கிறது. தமிழ்ச் சமணர் இச்செய்தியை அதிகம் பேசாதது வியப்பே! புஷ்பதந்தரின் ஆயுள் குறுகியது என அறிந்த பூதபலி, எஞ்சிய பெரும்பகுதியைத் தாமே இயற்றி நிறைவு செய்தார். நால்வகைச் சங்கமும் கூடி அவ்வேடுகளை வழிபட்ட ஜ்யேஷ்ட வளர்பிறைப் பஞ்சமியே சுருத பஞ்சமி.

ஒன்பதாம் நூற்றாண்டில் வீரசேனர் இதற்குத் தவளா என்னும் பேருரை வகுத்தார். பின்னர் நேர்ந்ததுதான் வருத்தத்திற்குரியது. பழங்கன்னட எழுத்திலமைந்த ஓலைகள் மூடபித்ரியில் பல நூற்றாண்டுகள் காக்கப்பட்டன. தரிசனம் கிடைத்தது, வாசிப்புக் கிடைக்கவில்லை. மறதியினின்று மீட்ட அறிவைப் பேணுதல் என்னும் பெயரால் பூட்டிவைத்தது முறையன்று. எனினும் செல்லரிக்காமல் காத்தவரும் அவர்களே என்பதை மறத்தலாகாது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் படியெடுக்க இசைவு கிடைத்தது. ஆயினும் படிகளும் அங்கேயே இருத்தல் வேண்டும் என்றனர். எழுதியவருள் ஒருவர் இரகசியமாக இன்னொரு படி எடுத்தமையால்தான் நூல் வெளியுலகைக் கண்டது.

1939இல் ஹீராலால் ஜைன் முதற்பகுதியைப் பதிப்பித்தார். தவளா பதினாறு பகுதிகளாக நிறைவுற்றது. தொடக்கப் பகுதிகள் அச்சேறிய பின் மூடபித்ரியாரும் மனமுவந்து, மூல ஓலைகளோடு ஒப்பிட்டுத் திருத்த இசைந்தனர்.