தலையில் இருந்த தொப்பி யாருடையது?

கறுப்புச் சொங்கோக் அணிந்து நம் பிள்ளைகள் சங்க நிகழ்ச்சிக்கு வந்தால், "மலாய்க்காரராகவே மாறிவிட்டாயா?" என்று கேட்கும் பெரியவர்கள் இன்னும் இருக்கிறார்கள். கேலியாகத்தான் கேட்கிறார்கள். ஆனால் அதற்குள் தமிழ் போய்விடுமோ என்ற கவலை இருக்கிறது. கவலை நியாயமானது, பழியைத் தொப்பியின் மேல் போடுவதுதான் சரியில்லை. துணிக்கடையில் தொப்பிக்கென்று ஓர் அலமாரி வைத்திருப்பவன் என்ற முறையில் இந்த வழக்கில் நானும் ஒரு சாட்சி.

நவீன மலாய் எழுத்தின் முன்னோடியான முன்ஷி அப்துல்லா மலாக்காவில் பிறந்தவர். அரபு வழியும் தமிழ் வழியும் கலந்த குடும்பம். சிங்கப்பூரில் அரசாங்க நில அளவையாளராக இருந்த ஜே. டி. தாம்சன் அவரை நேரில் அறிந்தவர். அப்துல்லாவின் தன்வரலாற்றை மொழிபெயர்த்து 1874இல் வெளியிட்டபோது அவருடைய தோற்றத்தையும் எழுதி வைத்தார். முகம் தென்னிந்தியத் தமிழர் முகம், உடை மலாக்காத் தமிழரின் வழக்கமான உடை என்கிறார். அது என்ன உடை? அச்சே கால்சட்டை, கட்டம் போட்ட சாரோங், அச்சடித்த பாஜு, காலில் செருப்பு, தலையில் சதுரமான ஒரு குல்லா. அந்தக் குல்லாதான் இன்றைய சொங்கோக் என்று நான் சொல்ல வரவில்லை. ஆனால் சாரோங்கையும் பாஜுவையும் அடுத்த வீட்டார் உடை என்று நாம் ஒதுக்குகிறோமே, அவற்றை மலாக்காத் தமிழர் உடை என்றே ஒரு வெள்ளைக்காரர் அன்று அடையாளம் கண்டிருக்கிறார்.

நம் தாத்தாமார் காலத்துப் படங்களில் துருக்கித் தொப்பியைப் பார்க்கலாம். கறுப்பு வெள்ளைப் படத்தில் அதன் சிவப்பு தெரியாது. குஞ்சத்தை வைத்துத்தான் கண்டுபிடிக்க வேண்டும். அதைப் 'பழைய முஸ்லிம் தொப்பி' என்கிறோம். துருக்கியிலேயே அது அவ்வளவு பழையது அல்ல. சுல்தான் இரண்டாம் மஹ்மூத் 1820களில்தான் அதைப் படைக்கும் அதிகாரிகளுக்கும் உரியதாக்கினார். பிறகு ஆஸ்திரியத் தொழிற்சாலைகள் அதைச் செய்து துருக்கிக்கு விற்றன. 1908இல் ஆஸ்திரியா போஸ்னியாவை இணைத்துக்கொண்டபோது, துருக்கியர் ஆஸ்திரியச் சரக்கைப் புறக்கணித்தார்கள். அதில் முதலில் அடிபட்டவற்றில் இந்தத் தொப்பியும் ஒன்று. வியாபாரிகளுக்கு இந்தக் கதை நன்றாகப் புரியும்! 1925இல் துருக்கிச் சட்டம் அதைத் தடை செய்தது. அங்கே குற்றமான பிறகும் இங்கே நம்மவர் பலர் பெருமையோடு அணிந்தார்கள்.

சொங்கோக்கிலோ நம் கைவேலையே இருக்கிறது. பினாங்கு சூலியா ஸ்திரீட் நாகூர் தர்கா ஓரத்துச் சிறு கடையில் தமிழ் முஸ்லிம்கள் அதைத் தைத்து விற்றார்கள். வெளியே வெல்வெட், உள்ளே பட்டுத்துணி, நடுவில் விறைப்புக்குப் பழைய செய்தித்தாள் அடுக்குகள். வாங்கியவர்களில் மலாய்க்காரரும் உண்டு, நம்மவரும் உண்டு. 1999 முதல் நம் பணப்பையில் இருக்கும் சிங்கப்பூர் நோட்டிலும், முதல் அதிபர் யூசோப் இஸ்ஹாக் சொங்கோக்குடன்தான் இருக்கிறார்.

பெண்களின் தலைத்துணியைப் பற்றி யாரும் இவ்வளவு வாதாடியதில்லை. அவர்களும் பேசாமல் மாற்றிக்கொண்டார்கள். கீழக்கரை, காயல்பட்டினம் பெண்களுக்கு வெள்ளைத் துப்பட்டி. கடையநல்லூரிலிருந்து வந்து தஞ்சோங் பகாரில் மசாலா அரைத்து விற்ற பெண்களுக்குச் சேலை முந்தானையே முக்காடு. குழவியைத் தள்ளும்போது அது நழுவும், ஒரு கை போய்ச் சரி செய்யும். இப்போது அவர்களின் பேத்திகள் ஊசி குத்திய தூடோங் அணிகிறார்கள். தாதியராக வேலை செய்பவர்களுக்கு அது எளிதாகக் கிடைக்கவில்லை. பொது மருத்துவமனைகளில் சீருடையோடு தூடோங் அணிய 2021 நவம்பர் 1 முதல்தான் அனுமதி.

என் அலமாரியில் இன்று வேகமாகப் போவது மடித்துச் சட்டைப்பையில் வைக்கும் வெள்ளை வலைத்தொப்பி. சொங்கோக்குக்குத் தலையை அங்குலத்தில் அளக்க வேண்டும். அரை அங்குலம் கூடினால் ருக்கூவில் கழன்று விழும். நோன்புப் பெருநாளுக்கு முந்திய வாரம் இரண்டையும் ஒன்றாக வாங்கிப்போகும் தகப்பன்மார் பலர்.

ஐம்பது ஆண்டுச் சங்கப் படங்கள் நம் வீட்டு அலமாரிகளில் கிடக்கின்றன. முதல் வரிசையில் உட்கார்ந்திருப்பவர்களின் தலைகளைப் பாருங்கள்: குஞ்சம், வெல்வெட், வலை, தலைப்பாகை, வெறுந்தலை என எல்லாம் இருக்கும். யார் எவர் என்று சொல்லக்கூடியவர்கள் குறைந்து வருகிறார்கள். வரும் வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்ததும், அத்தா பக்கத்தில் படத்தோடு உட்கார்ந்து, பின்புறத்தில் பென்சிலால் பெயர்களை எழுதிவிடுங்கள்.