சேதுநாட்டில் வாக்குரிமை வளர்ந்த வரலாறு

மக்களாட்சியின் தொன்மையைப் பேசுங்கால் உத்தரமேரூர்க் கல்வெட்டைச் சுட்டுவது தமிழர் மரபு. முதலாம் பராந்தக சோழன் காலத்தில், பத்தாம் நூற்றாண்டின் முற்பகுதியில் பொறிக்கப்பட்ட அக்கல்வெட்டு குடவோலை முறையை விரிவாக எடுத்துரைக்கின்றது. நாம் பெருமிதம் கொள்ளத்தக்க ஆவணமே அது. ஆயினும், கால் வேலிக்கு மேற்பட்ட இறைநிலம் உடையவர் பெயரே ஓலையில் ஏறும் என்று விதித்ததும் அக்கல்வெட்டேயாம். நிலத்திற்கும் ஆட்சியுரிமைக்கும் இருந்த அப்பிணைப்பு பிற்காலத்தில் எவ்வாறு அறுந்தது, அறுந்தபின்னும் எஞ்சிய தடை யாது என்பதைச் சேதுநாட்டு வரலாறு தெளிவாகக் காட்டுகின்றது.

வரியும் வாக்கும்

இராமநாதபுரம் மாவட்டம் 1910இல் உருவாயிற்று. அதன் பெரும்பகுதி இராமநாதபுரம், சிவகங்கை ஜமீன்களுக்கு உட்பட்டிருந்தது. 1935ஆம் ஆண்டு இந்திய அரசுச் சட்டம் மாகாணத் தேர்தலில் வாக்களிக்கும் உரிமையைப் பெரும்பாலும் வரி, சொத்து, கல்வி ஆகியவற்றைக் கொண்டே அளந்தது. பாம்பன், இராமேசுவரம், தனுஷ்கோடிக் கரைகளில் கடலையே நம்பி வாழ்ந்தோர்க்கு இவ்வளவுகோல் பொருந்துமா? கடலுக்குப் பட்டா இல்லை. ஆகவே வலையும் வள்ளமும் கொண்டு உழைத்தோருள் பெரும்பாலோர் வாக்காளர் பட்டியலுக்கு வெளியே நின்றனர். சென்னை மாகாணம் 1921இலேயே மகளிர்க்கு வாக்குரிமை நல்கி ஏனைய மாகாணங்களுக்கு வழிகாட்டிற்று. எனினும் சொத்துத் தகுதி அவர்களையும் கட்டுப்படுத்தியமையால் ஏழை மகளிர்க்கு அதனால் பயன் விளையவில்லை.

மன்னர் தோற்ற தேர்தல்

இக்குறுகிய வாக்காளர் கூட்டமே 1937இல் ஒரு வியப்பை நிகழ்த்திற்று. இராமநாதபுரம் தொகுதியில் மன்னர் சண்முக ராஜேசுவர சேதுபதியை எதிர்த்துக் காங்கிரசு வேட்பாளராகப் பசும்பொன் முத்துராமலிங்கத் தேவர் நின்றார். காங்கிரசுக்குரிய மஞ்சள் பெட்டி மாகாணமெங்கும் பேசப்பட்ட காலம் அது. தேவர் வென்றார், மாகாணச் சட்டமன்றத்தின் 215 இடங்களுள் 159 காங்கிரசுக்குக் கிட்டின. தலைமுறை தலைமுறையாகச் சேதுபதி மரபை வணங்கிய சீமையில், வரி செலுத்தும் குடிகளே மன்னரை மறுத்தனர்.

மன்னர் வென்ற தேர்தல்

1948ஆம் ஆண்டுச் சட்டத்தால் ஜமீன் முறை ஒழிந்தது. அடுத்து வந்த 1952ஆம் ஆண்டு முதற் பொதுத் தேர்தலில் இருபத்தொரு வயது நிரம்பிய அனைவரும் வாக்காளராயினர். நாடு முழுவதும் ஏறத்தாழ 17 கோடிப் பேர் பட்டியலில் இடம்பெற்றனர். எழுத்தறியாதாரும் வாக்களிக்கும் பொருட்டு ஒவ்வொரு வேட்பாளர்க்கும் சின்னம் ஒட்டிய தனிப்பெட்டி வைக்கப்பட்டது. நிலமற்ற உழவரும் மீனவரும் மகளிரும் தம் சீட்டைத் தாமே இட்டனர்.

அத்தேர்தலில் இராமநாதபுரம் சட்டமன்றத் தொகுதியில் வென்றவர், சுயேச்சையாக நின்ற அதே சேதுபதி மன்னரே! சிலர்க்கு மட்டும் வாக்கிருந்தபோது தோற்றவர், அனைவரும் வாக்களித்தபோது வென்றார். பின்னர் அமைச்சராகவும் விளங்கினார். அனைவர்க்கும் வாக்குரிமை வந்தும் பழமையே வென்றதென இதனைக் கொள்வது பொருந்தாது. ஜமீனை இழந்தபின், முன்னாளில் தம் குடிகளாயிருந்தோரிடம் ஆதரவு வேண்டி நின்று பெற்ற வெற்றி அது. பிறப்பால் வந்த தலைமை, மக்கள் தரும் தலைமையாக மாறியதே ஈண்டு நோக்கத்தக்கது.

எஞ்சிய தடை

எனினும் வாக்குரிமை பெறுவது வேறு, அஞ்சாது அதனைச் செலுத்துவது வேறு. 1957இல் தேவர் நாடாளுமன்றத்திற்கும் முதுகுளத்தூர்ச் சட்டமன்றத் தொகுதிக்கும் ஒருங்கே தேர்வு பெற்றுச் சட்டமன்ற இடத்தைத் துறந்தார். அதனால் நேர்ந்த இடைத்தேர்தலைத் தொடர்ந்து சாதிப் பகை மூண்டது. ஒடுக்கப்பட்ட மக்களின் தலைவர் இம்மானுவேல் சேகரன் செப்டம்பர் 11 அன்று பரமக்குடியில் கொல்லப்பட்டார். ஊர்கள் எரிந்தன; பல உயிர்கள் மாய்ந்தன. வாக்குப் பெட்டியின் மறைவு, வாக்களித்தவனுக்கு ஊரில் பாதுகாப்பாக அமையவில்லை.

அத்தடை அவ்வாண்டோடு அகன்றதுமில்லை. பழைய இராமநாதபுரம் மாவட்டத்திலிருந்து 1985இல் பிரிந்த விருதுநகர் மாவட்டத்தில் கொட்டக்கச்சியேந்தல் என்னும் சிற்றூர் உள்ளது. அவ்வூராட்சித் தலைவர் பதவி 1996இல் தாழ்த்தப்பட்டோர்க்கு ஒதுக்கப்பட்டது. மதுரை மாவட்டத்துப் பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலம் ஆகியவற்றைப் போலவே அங்கும் பத்தாண்டுகள் தேர்தல் முறையாக நடைபெற இயலவில்லை. 2006ஆம் ஆண்டிலேதான் அந்நிலை மாறிற்று.

கால் வேலி நிலம் என்னும் தகுதி நீங்க ஆயிரம் ஆண்டுகள் சென்றன. சட்டம் அதனை ஒரே எழுத்தில் நீக்கிற்று. ஆயின் அடுத்த வீட்டான் தன் விருப்பப்படி வாக்களிப்பதையும், தேர்தலில் நிற்பதையும் பொறுத்துக்கொள்ளும் பண்பைச் சட்டம் மட்டுமே தந்துவிடாது. அது ஊரார் தாமே வளர்க்க வேண்டியது. குடவோலையைப் போற்றும் நாம், முதுகுளத்தூரையும் கொட்டக்கச்சியேந்தலையும் அதனோடு சேர்த்தே நினைவிற்கொள்ளல் கடனாகும்.