வடபுலக் கரையோரத்திற் சிறுகலங்கள்: தெரிவும் கொள்வனவும் பற்றிய ஒரு வரலாற்று நோக்கு

ஈழத்துத் தமிழரின் கடல்சார் வரலாற்றை எழுதப் புகுந்தோர் பெரும்பாலும் பெருங்கலங்களையே நோக்கியுள்ளனர். வல்வெட்டித்துறையிற் கட்டப்பெற்ற 'அன்னபூரணி' என்னும் பாய்க்கப்பலை வில்லியம் அல்பேட் றொபின்சன் என்ற அமெரிக்கர் விலைக்கு வாங்கியதும், அது 'புளோரன்ஸ் சி. றொபின்சன்' எனப் புதுப்பெயர் பூண்டு 1938ஆம் ஆண்டு அமெரிக்காவின் குளொஸ்ரர் துறைமுகத்தை அடைந்ததும் பலமுறை எழுதப்பட்டுவிட்டன. அவை பெருமைக்குரிய செய்திகளே. ஆயினும் கரையோரச் சமூகத்தின் அன்றாடச் சோறு பெருங்கப்பலிலிருந்து வந்ததன்று. அது கட்டுமரத்திலிருந்தும் வள்ளத்திலிருந்தும் வந்தது. ஒரு மீனவன் தன் வாழ்நாளில் இரண்டொரு முறையே கலம் கொள்வான். அக்கொள்வனவு தவறின் அவன் குடும்பம் பல ஆண்டுகள் கடனில் அழுந்தும். எத்தகைய கலத்தை அவன் தெரிந்தான், அத்தெரிவு உண்மையில் அவனுடையதாக இருந்ததா, அதற்கான பணம் எங்கிருந்து வந்தது என்னும் வினாக்கள் நம்மவரால் உரியவாறு எழுப்பப்படவில்லை.

கலங்களின் பெயர்களுக்குத் தமிழிற் குறைவில்லை. திமில், அம்பி, பஃறி, ஓடம், தோணி, புணை, நாவாய், வங்கம் எனச் சங்க நூல்களும் பிற்கால நூல்களும் பலவற்றைச் சுட்டுகின்றன. மட்டக்களப்புப் பகுதித் திமிலரின் குலப்பெயரைத் திமில் என்னுஞ் சொல்லோடு இணைத்துக் கூறும் வழக்கும் உண்டு. நிகண்டுகள் இப்பெயர்களை ஒருபொருட் பன்மொழிகளாக அடுக்கிவைத்தன. புலவனுக்கு அது போதுமானது. கரையில் நிற்பவனுக்கோ இவை ஒருபொருட் சொற்களல்ல. கட்டுமரம் வேண்டிய இடத்தில் வள்ளம் உதவாது, வள்ளம் வேண்டிய இடத்திற் கட்டுமரம் உதவாது. நிகண்டு மறைத்துவிட்ட இவ்வேறுபாட்டிலிருந்தே ஆய்வு தொடங்குதல் தகும்.

கலத்தைத் தெரிவது முதலிற் கரையேயாகும். முல்லைத்தீவுக் கரையும் வடமராட்சி கிழக்கும் திறந்த மணற்கரைகள். வாடைக்காலத்தில் அலை கரையிலேயே உடைந்து விழும். அவ்வலையை ஊடறுத்துச் செல்லும் கலம் நீரை ஏற்காததாக இருத்தல் வேண்டும். கட்டுமரத்துக்கு உட்குழிவு இல்லை. ஏறிய நீர் மரங்களின் இடைவெளியால் வடிந்துவிடும். அது மூழ்குவதில்லை, புரண்டாலும் மீட்டுக்கொள்ளலாம். கரைசேர்ந்ததும் கட்டையவிழ்த்து மரங்களை வேறுவேறாக மணலில் உலரவிடுவர். மென்மரம் நீரை உறிஞ்சிக் கனத்துவிடும் ஆதலின் இவ்வுலர்த்தல் இன்றியமையாதது. இதனாலேயே ஒரு மரத்தை மட்டும் மாற்றிக்கொள்வதும் எளிதாயிற்று. 1697இல் வெளிவந்த தமது பயணநூலில் வில்லியம் டாம்பியர் சோழமண்டலக்கரைக் கட்டுமரத்தை அப்பெயராலேயே விவரித்தார். இன்று அச்சொல் ஐரோப்பிய மொழிகளிற் செல்வர்களின் இரட்டையுடல் உல்லாசப் படகைக் குறிக்கின்றது. ஏழையின் கலத்துக்கு உரிய பெயர் இவ்வாறு ஊர்மாறிப் போயிற்று.

யாழ்ப்பாணக் கடனீரேரியின் நிலை முற்றிலும் வேறு. குருநகர், பாசையூர், நாவாந்துறை முதலிய இடங்களில் நீர் ஆழங் குறைந்தது. பல இடங்களிற் கோலூன்றியே கலத்தைச் செலுத்தலாம். இங்கு வலையையும் மீனையும் ஆட்களையும் ஈரமின்றிச் சுமக்கும் தட்டையான வள்ளமே பொருத்தமாயிற்று. வலிகாமம் வடக்கிலும் வடமராட்சியின் வடகரையிலும் மூன்றாவதொரு நிலையைக் காண்கின்றோம். அங்கு கரை சுண்ணக்கற் பாறை. பாறையை வெட்டி அமைத்த 'வான்' என்னும் ஒடுங்கிய வாய்க்கால் வழியாகவே கலம் உட்புகவும் வெளிச்செல்லவும் இயலும். வானின் அகலமும் ஆழமும் எவ்வளவோ அவ்வளவே அக்கிராமத்துக் கலத்தின் அளவும். இச்சிறு உண்மை பின்னர் அரசாங்கத் திட்டங்கள் வந்தபோது பெரும் விளைவுகளை உண்டாக்கியமையை மேலே காண்போம்.

கரை இவ்வாறு கலத்தின் வகையைத் தீர்மானித்தது. கலத்துக்குரிய மரத்தையோ கரை தரவில்லை. யாழ்ப்பாணக் குடாநாட்டிற் பனை உண்டு, வேம்பு உண்டு. குடைந்து வள்ளமாக்கத்தக்க பருத்த அடிமரம் இல்லை. கட்டுமரத்துக்கேற்ற மென்மரமும் இல்லை. கட்டுமரத்துக்குச் சிறந்ததாகக் கருதப்பட்ட மலைவேம்பு, சிங்களவர் லுணுமிதெல்ல என வழங்குவது, ஈரவலய மரமாகும். இந்தியக் கலங்களைப் பற்றி 1920ஆம் ஆண்டு விரிவான நூலொன்றை வெளியிட்ட ஜேம்ஸ் ஹோர்னெல், இலங்கையின் முத்துச்சலாபப் பணியிலும் பின்னர் சென்னை மீன்வளத்துறைத் தலைமையிலும் இருந்தவர். மலையாளக்கரையிற் குடையப்பட்ட வள்ளங்கள் பிற கரைகளுக்கு விலைப்பொருளாகச் சென்றமையை அவர் போன்றோரின் பதிவுகளால் அறிகின்றோம். அயினியும் மாவும் அங்கு மலைக்காட்டில் வளர்ந்தன. தச்சன் அங்கேயே குடைந்தான். குடைந்த உடல் கடல்வழியே வந்தது. ஆகவே வடபுலத்து மீனவன் தன் கலத்தைத் தானே உண்டாக்கிக்கொண்ட தன்னிறைவுடையோன் என்ற கருத்து கவர்ச்சியானதேயன்றி உண்மையன்று. அவன் தொடக்கத்திலிருந்தே சந்தையில் வாங்குபவனாகவே இருந்தான்.

ஆயின் வாங்குபவனுக்கு அந்நாளிற் பார்வை இருந்தது. மரக்கலத்திற் குற்றங்கள் கண்ணுக்கும் கைக்கும் புலப்படுவன. ஏராவின் நேர்மை, வங்குகளின் பிடிப்பு, பலகை இணையும் இடத்துக் கலப்பற்று, கணுக்களின் அமைவு, கடற்புழு துளைத்த சிறு கண்கள் ஆகியவற்றைத் தடவியும் தட்டியும் அறியலாம். கத்தியின் முனையை மரத்திற் செலுத்திப் பார்த்தால் உளுத்த இடம் தானே சொல்லிவிடும். பழைய கலமாயின் கலப்பற்றைப் புதுப்பித்துச் சுறாவெண்ணெய் பூசி இன்னும் சில ஆண்டு ஓட்டலாமா என்பதை மூத்தோர் ஒருவர் நின்று பார்த்துச் சொல்வர். வாங்குபவனும் விற்பவனும் ஒரே அறிவை உடையோராக இருந்தனர். ஏமாற்றுதல் அரிதன்று, எனினும் எளிதன்று.

பணம் என்ற இடத்திலேதான் இச்சமநிலை குலைந்தது. கலமும் வலையும் உடைய சம்மாட்டியே கரையில் முதலாளி. கலமில்லாதவன் அவருடைய கலத்திற் சென்றான். செலவு நீக்கிய வருவாயிற் கலத்துக்கொரு பங்கு, வலைக்கொரு பங்கு, எஞ்சியது உழைப்போருக்கு என்ற பங்குமுறை நிலவியது. சொந்தக் கலம் கொள்ள விரும்பியவன் மீன் வியாபாரியிடம் முற்பணம் பெற்றான். முற்பணத்துக்கு வட்டி இல்லை என்பர். வட்டி மீனின் விலையில் மறைந்திருந்தது. பிடித்த மீனைக் கடன்கொடுத்தவருக்கே, அவர் சொன்ன விலைக்கே கொடுத்தல் வேண்டும். கடன் தீராதவரை வேறொருவருக்கு விற்றல் இயலாது. இம்முறையைச் சுரண்டல் என ஒரு சொல்லில் முடித்துவிடுவோர் உளர். புயலிற் கலம் உடைந்த நாளில் வங்கி எதுவும் கதவு திறவாத காலத்தில் மீண்டும் முற்பணம் தந்தவரும் அவரே என்பதையும் சேர்த்தே நிறுத்துப் பார்த்தல் நேர்மையாகும். ஆயினும் கலத்தின் பெயரளவு உரிமை ஒருவரிடமும் அதன் பயன் பிறிதொருவரிடமும் கிடந்தமை மறுக்கவியலாதது.

1958ஆம் ஆண்டு மீன்பிடித் திணைக்களம் இயந்திரமயமாக்கல் திட்டத்தைத் தொடங்கியபோது இந்நிலையை மாற்றுவதே அதன் நோக்கங்களுள் ஒன்றெனப் பேசப்பட்டது. ஏறத்தாழ 28 அடி நீளமான, உள்ளிணைப்பு டீசல் இயந்திரம் பூட்டிய, மூன்றரைத் தொன் படகு என வழங்கப்பட்ட கலம் வாடகைக் கொள்வனவு முறையில் வழங்கப்பட்டது. உலக உணவு விவசாய நிறுவனத்தின் வல்லுநர் உதவியும் இதற்குக் கிடைத்தது. இக்காலத்திலேயே பருத்தி, சணல் வலைகளை நைலோன் வலை அகற்றியது. நைலோன் வலையும் இயந்திரமும் சேர்ந்தபோது பிடிபட்ட மீனின் அளவு பெருகியமை உண்மை.

எனினும் மூன்றரைத் தொன் படகை மணலில் இழுத்தேற்ற முடியாது. அது நங்கூரமிட்டு நிற்க ஆழமான, காற்றொதுக்கான இடம் வேண்டும். மயிலிட்டி, குருநகர் போன்ற இடங்கள் இதனாற் பயன்பெற்றன. வான் ஒடுங்கிய கிராமத்தார்க்கும் திறந்த மணற்கரையார்க்கும் விண்ணப்பப் படிவம் கிடைத்ததேயன்றிப் படகை நிறுத்த இடம் கிடைக்கவில்லை. படகைத் தெரிந்தது இப்போது கரையன்று, திணைக்களம். கரைக்கேற்ற கலம் என்ற பழைய நியதி தலைகீழாகிக் கலத்துக்கேற்ற கரை எது என்ற வினா எழுந்தது. மேலும் முற்பணம் செலுத்தவும் பிணை காட்டவும் வல்லவர் யார்? பெரும்பாலும் முன்னரே கலமுடையோர். இவ்வகையிற் பழைய சம்மாட்டி புதிய படகுக்காரராக வெளிப்பட்டதில் வியப்பில்லை. பாக்குநீரிணையில் இப்படகுகளிற் பல பின்னர் இழுவை வலைக்குத் திரும்பின. இழுவைமடித் தொழில் 2017ஆம் ஆண்டின் திருத்தச் சட்டத்தாற் தடைசெய்யப்பட்டது.

சிறுமீனவனின் தெரிவை உண்மையில் விரிவாக்கியது அதன்பின் வந்த கண்ணாடியிழைப் படகே எனலாம். 18 அடியளவினதாய், வெளியிணைப்பு இயந்திரம் பூட்டத்தக்கதாய் அமைந்த அப்படகு 1960களின் பிற்பகுதியிலிருந்து பரவியது. அது உளுப்பதில்லை, கடற்புழு அதனைத் துளைப்பதில்லை, நீரை உறிஞ்சிக் கனப்பதில்லை, சிலர் சேர்ந்து மணலில் ஏற்றிவிடலாம். கட்டுமரத்தின் கரையிலும் வள்ளத்தின் கரையிலும் ஒருங்கே இயங்கவல்ல முதற் கலம் இதுவே.

வடபுலத்தில் இம்மாற்றத்தோடு சீநோர் நிறுவனத்தின் பெயர் பிரிக்கவியலாதது. குருநகரைச் சேர்ந்த அன்ரனி ராஜேந்திரம் 1956இல் நோர்வே சென்று அங்கு மீன்பிடித் தொழிலைக் கற்றவர். நோர்வே நாட்டு இளைஞர் இயக்கத்தினரின் துணையுடன் அவர் முன்னெடுத்த முயற்சி 'மாலு - மீன்' எனச் சிங்களமும் தமிழும் இணைந்த பெயரால் அறியப்பட்டது. காரைநகரிற் படகு கட்டுந் தளமும் குருநகரில் வலைத் தொழிற்சாலையும் அதன் வழி எழுந்தன. இதன் சிறப்பு யாதெனிற் படகு கட்டுமிடம் முதன்முறையாக வாங்குபவனின் கண்முன் வந்தமையாகும். மலையாளக்கரையில் எங்கோ குடையப்பட்ட வள்ளத்தையும் கொழும்பு அலுவலகத்தில் வரையப்பட்ட படகையும் வாங்கிவந்தவன், இப்போது குறைகூறுவதற்குக் காரைநகர் சென்றாற் போதும். போர் தொடங்கியபின் அங்கு அத்தொழில் அவ்வாறு தொடர இயலாது போயிற்று.

ஒப்புநோக்காக ஒன்றை இங்கு குறிப்பிடலாம். கன்னியாகுமரி மாவட்டத்து முட்டத்தில் 1970களிலும் 1980களிலும் பியர் ஜிலே என்ற பெல்ஜியர், ஒட்டுப்பலகையாற் கரையேற்றக்கூடிய படகுகளைக் கட்ட முயன்றார். கட்டுமரத்துக்குரிய மரம் அருகி விலையேறியமையே அங்கும் தூண்டுகோல். ஒவ்வொரு மாதிரியையும் மீனவர் அலையில் ஓட்டிப் பார்த்துக் குறைகூற, அது திருத்தப்பட்டது. தாம் பட்ட இடர்களை அவர் 1985இல் நூலாகவே எழுதினார். காரைநகரும் முட்டமும் ஒன்றையொன்று அறியாமலே ஒரே வழியில் நடந்தன எனத் தோன்றுகின்றது.

போர்க்காலத்தில் கலத்தைத் தெரியும் உரிமை மீண்டும் பறிபோயிற்று. இம்முறை கடனாலன்று, கட்டளையால். 1984இல் வடகடலிற் பெரும்பரப்புத் தடைவலயமாக்கப்பட்டது. தொடர்ந்த ஆண்டுகளில் இயந்திரத்தின் குதிரைவலுவுக்கும் எல்லை வகுக்கப்பட்டது. எரிபொருளும் கட்டுப்பாட்டுக்குள்ளாயிற்று. வலுவான இயந்திரம் வைத்திருத்தலே ஐயத்துக்குரியதாயிருந்த காலத்தில், ஒருவன் தன் தேவையையன்றிச் சோதனைச்சாவடியை எண்ணியே கலம் கொண்டான். 1990இல் மயிலிட்டி மக்கள் இடம்பெயர்ந்தபோது அவர்கள் விட்டுச்சென்றவற்றுள் வடபுலத்தின் முதன்மையான துறைமுகமும் ஒன்று.

2004 மார்கழி 26ஆந் திகதி ஆழிப்பேரலை முல்லைத்தீவையும் வடமராட்சி கிழக்கையும் துடைத்துச் சென்றது. அதன்பின் வந்த உதவிகளில் மிக எளிதிற் கொடுக்கப்பட்ட பொருள் படகே. படகின் முன் நின்று படமெடுத்தல் உதவுவோர்க்கு உவப்பாயிருந்தது. வாங்குபவர் ஒருவர், ஓட்டுபவர் வேறொருவர் என்ற நிலை இவ்வளவு முழுமையாக முன்னொருகாலும் இருந்ததில்லை. கண்ணாடியிழைப் படகின் தீமை இங்கேதான் வெளிப்பட்டது. அதன் குற்றம் கண்ணுக்குப் புலப்படாது. அச்சில் முதலிற் பூசும் வண்ணப்படலம் வழுவழுப்பாயிருந்தால் அதன்பின்னே எத்தனை அடுக்கு இழைவிரிப்பு உள்ளது, பிசின் முழுவதும் ஊறியதா, காற்றுக்குமிழி அகற்றப்பட்டதா என்பன மறைந்துவிடும். அவசரத்திற் பல இடங்களிற் புதிதாகப் படகு கட்டத் தொடங்கினர். தரமற்ற படகுகள் பல கரைக்கு வந்தமை அனைத்துலக நிறுவனங்களாலேயே ஒப்புக்கொள்ளப்பட்டது. காலப்போக்கில் மீனவர் இதற்கும் ஒரு பார்வையை உண்டாக்கிக்கொண்டனர்: வெளிச்சத்துக்கு எதிரே உட்பக்கத்தை நோக்கி வெளிறிய இடங்களைக் காண்பர், விரற்கணுவால் தட்டி ஓசை மாறுமிடத்தைக் குறித்துக்கொள்வர், இயந்திரம் பூட்டும் பின்பலகையின் உள்ளே நீர் ஊறியுள்ளதா என அழுத்திப் பார்ப்பர், ஒத்த நீளமுடைய இரு படகுகளை ஆட்கள் தூக்கிப் பார்த்து எடையை ஒப்பிடுவர்.

2017 ஆடியில் மயிலிட்டித் துறைமுகம் விடுவிக்கப்பட்டபோது, திரும்பியவர்களிற் பலர் இருபத்தேழு ஆண்டுகள் பிறகரைகளில் இரவற் கலங்களிற் தொழில் செய்தவர்கள். தந்தையர் மூன்றரைத் தொன் படகு வைத்திருந்த இடத்தில் மக்கள் சிறிய கண்ணாடியிழைப் படகோடு தொடங்கினர். அப்படகின் இயந்திரம் பெரும்பாலும் மண்ணெண்ணெயில் ஓடுவது. 2022 ஆவணியில் மண்ணெண்ணெயின் விலை இலீற்றருக்கு 87 ரூபாவிலிருந்து 340 ரூபாவாக ஒரே நாளில் உயர்த்தப்பட்டது. அதன்பின் படகு கொள்வோன் முதலிற் கேட்கும் வினா படகின் விலை பற்றியதன்று. இவ்வுடலை எத்தனை குதிரைவலு இழுக்கும், ஒரு முறை சென்றுவர எத்தனை இலீற்றர் செல்லும் என்பதே.