இடைவேளை நாடகம் அரியணை ஏறிய கதை

18ஆம் நூற்றாண்டு இத்தாலியில் இசை நாடகம் என்றால், அதில் மன்னரும் மாவீரரும் உலவுதல் வேண்டும். நகைச்சுவைக் காட்சிகள் அதன் மாண்புக்கு இழுக்கெனக் கருதிய புலவர்கள் அவற்றைக் கதையினின்றும் நீக்கினர். நீக்கப்பட்ட நகை அழிந்துவிடவில்லை. அங்கங்களுக்கு இடைப்பட்ட ஓய்வு நேரத்தில் 'இன்டர்மெட்ஸோ' என்னும் பெயரில் அது குடிபுகுந்தது.

அத்தகைய சிறு நாடகமே 'லா செர்வா பத்ரோனா'. 'எசமானியான பணிப்பெண்' என்பது இதன் பொருள். 1733ஆம் ஆண்டு செப்டம்பர் 5ஆம் நாள் நேப்பிள்ஸ் நகரின் சான் பார்த்தலோமியோ அரங்கில் இது அரங்கேறியது. உரையை இயற்றியவர் ஃபெதெரிகோ. இசையமைத்த பெர்கொலேசிக்கு அன்று வயது 23. அவரே இசையமைத்த 'செருக்குற்ற கைதி' என்னும் மூன்று அங்கப் பெருநாடகத்தின் இரண்டு இடைவேளைகளை நிரப்பவே இதன் இரு பகுதிகளும் எழுதப்பட்டன.

கதை எளியது. முதிய பிரமசாரி உபெர்த்தோவை ஆட்டிப்படைக்கும் பணிப்பெண் செர்பினா, ஒரு சூழ்ச்சியால் அவரையே மணந்து வீட்டின் தலைவியாகிறாள். பாடுவோர் இருவர், வாய் திறவாத வேலைக்காரன் ஒருவன், துணைக்குச் சில நரம்புக் கருவிகள். அவ்வளவே! அடுத்த வீட்டில் கேட்கும் சச்சரவே இங்குப் பாட்டாயிற்று. நாளடைவில் பெருநாடகம் மறைந்தது, இடைவேளை நிலைத்தது. மூர்த்தி சிறிது, கீர்த்தி பெரிது என்பது இதுவன்றோ!

1746இல் பாரிசில் இது நடிக்கப்பட்டபோது எவரும் பெரிதாகப் பொருட்படுத்தவில்லை. ஆனால் 1752 ஆகஸ்டு 1ஆம் நாள், பம்பீனியின் இத்தாலியக் குழுவினர் அரசவைச் சிறப்புப் பெற்ற இசையரங்கிலேயே இதனை நடித்தனர். பிரெஞ்சுப் பெருநாடகங்கள் அரசோச்சிய மேடையில் ஒரு பணிப்பெண் நின்று பாடினாள். நகரம் இரு கட்சியாகப் பிளந்தது. பிரெஞ்சு இசையை ஆதரித்தோர் அரசர் பக்கமும், இத்தாலிய இசையை ஆதரித்தோர் அரசியார் பக்கமும் அணிவகுத்தனர். பிரெஞ்சு மொழி இசைக்கே ஏற்றதன்று என 1753இல் ரூசோ எழுதியது எரிகின்ற தீயில் எண்ணெய் ஆயிற்று. மொழியையும் இசையையும் பற்றி எழும் வழக்கின் வெம்மை எத்தகையது என்பதைத் தமிழராகிய நமக்கு எவரும் எடுத்துரைக்க வேண்டுவதில்லை.

இந்தப் புகழொன்றையும் பெர்கொலேசி காணவில்லை. 1736 மார்ச்சில், 26ஆம் வயதில், பொத்சுவோலியில் காசநோயால் அவர் மறைந்திருந்தார். அரங்கில் ஒதுக்கப்பட்ட இடம் சிறிதென்பதால் தம் உழைப்பையும் அவர் சிறிதாக்கிக் கொள்ளவில்லை. அவர் இல்லாத பாரிசில் அவருக்காகப் பேசியது அந்த உழைப்பே என்று நாம் கருதுகிறோம்.